சோளகத்தில் தூற்றிய மணல்

சிறுபோகத்துக்குக் குளத்துத் தண்ணீர் போதாது, இரண்டு ஏக்கர் வைத்திருப்பவன் அரை ஏக்கர்தான் விதைக்கலாம் என்று கமக்காரர் கூட்டத்தில் முடிவாகிய அன்று, வட்டக்கச்சியில் சுதாகரன் தன் நெல் தூற்றும் விசிறியைச் சாக்கால் மூடி வைத்தான். இரண்டு சில்லு உழவு இயந்திரத்தின் முன்னால் பூட்டி, அதன் எஞ்சினாலேயே சுற்ற வைக்கும் பெரிய இரும்பு விசிறி அது. ஒவ்வொரு வெட்டுக்கும் அதைக் கொண்டுபோய் அயலில் பத்து வீட்டு நெல்லைத் தூற்றிக் கொடுப்பான். இந்தமுறை தூற்றுவதற்கு நெல் இராது. ஆனால் மூடிய சாக்கு ஒரு கிழமைகூட அப்படியே கிடக்கவில்லை. பாலன் வந்து அதை விலக்கினான்.

பாலன் மேசன் வேலை செய்கிறவன். தகப்பன் காலத்தில் மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். போன வருடம் அவன் முல்லைத்தீவுக் கரையில் மூன்று மாதம் நின்றுவிட்டு வந்திருந்தான். என்ன வேலை என்று கேட்டவர்களுக்குக் கட்டட வேலை என்று சொல்லியிருந்தான். இப்போது உள்ளதைச் சொன்னான்.

கடலுக்கும் களப்புக்கும் நடுவில் கிடக்கும் அந்த ஒடுங்கிய மணல் தரையில், பதினாறு வருடங்களுக்கு முன்னர், சனம் ஷெல்லுக்குப் பதுங்கப் பங்கர் வெட்டி மாதக்கணக்காக இருந்தது. போகும்போது நகையைத் துணியில் முடிந்து மண்ணுக்குள் வைத்துவிட்டுப் போனவர்கள் பலர். வைத்தவர்கள் எல்லோரும் திரும்பி வரவில்லை. மாரி வெள்ளம் வருடா வருடம் அந்த மணலை அறுத்து ஓடை ஓடையாகக் கடலுக்கு இறங்குகிறது. பாரமான சாமான் வெள்ளத்தோடு தூரம் போகாது, ஓடை வளைகிற இடத்தில் உள்பக்கமாக ஒதுங்கி அடியில் தங்கிவிடும். அதை எடுப்பதற்குத்தான் ஆட்கள் போகிறார்கள். தண்ணீரில் அரிக்கலாம் என்றால் பக்கத்தில் நல்ல தண்ணீர் இல்லை. ஈர மணல் அரிதட்டில் ஒட்டும். ஆனபடியால் வெயில் காலத்தில், மணல் பொருபொருவென்று காய்ந்திருக்கும்போது, காற்றில் தூற்றிப் பார்ப்பதே வழி என்று பாலன் விளங்கப்படுத்தினான்.

"நெல்லுக்கும் பதருக்கும் என்ன வித்தியாசமோ, பவுணுக்கும் மணலுக்கும் அதே வித்தியாசம்தான் அண்ணை. உங்கட விசிறி மட்டும் இருந்தால் நாங்கள் ராசா."

சுதாகரனுக்கு அந்தக் கதை பிடிக்கவில்லை. செத்த சனத்தின் சாமானில் கை வைக்கிற வேலை தனக்கு வேண்டாம் என்றான். பாலன் போன பிறகும் இரண்டு நாள் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தான். பிறகுதான் அவனுக்கு நாகேஸ்வரியின் நகைப் பொட்டளி நினைவுக்கு வந்தது.

நாகேஸ்வரி இரண்டு வளவு தள்ளி இருப்பவள். கடைசிச் சண்டை நேரம் அவளுடைய புருஷன் கதிர்காமநாதனுக்கு ஷெல் பட்டுக் கால் சிதைந்தது. காயக்காரரை ஏற்ற வந்த கப்பலில் ஒருவருக்கு ஒருவர்தான் துணைக்குப் போகலாம். அவள் புருஷனோடு ஏறினாள். நாலு வயது மகன் நிரோஜனையும், தாலிக்கொடி, சங்கிலி, இரண்டு காப்பு எல்லாம் முடிந்த சிவப்புச் சீலைப் பொட்டளியையும், அப்போது கைக்குழந்தைக்காரியான சுதாகரனின் மனைவி ஞானேஸ்வரியிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். சுதாகரன் அப்போது அங்கே இல்லை. நெல் மூடை ஏற்றப் போனவன், பாதை மூடப்பட்டதால் மறுபக்கத்தில் அகப்பட்டுக்கொண்டான். மூன்று மாதம் கழித்து வவுனியா முகாமில்தான் எல்லோரும் சந்தித்தார்கள். நிரோஜன் உயிரோடு கையில் கிடைத்ததே பெரிது என்று நாகேஸ்வரி அழுதாள். பொட்டளியைப் பற்றி அவள் கேட்டது இரண்டு நாள் கழித்து. பங்கர் பக்கத்தில் புதைத்துவிட்டு வந்தேன் என்று ஞானேஸ்வரி சொன்னாள்.

பதினாறு வருடமாக அந்த மறுமொழி அப்படியே நின்றது. நாகேஸ்வரி மஞ்சள் துண்டு கட்டிய கயிற்றோடு நடமாடினாள். வேறு தாலி செய்விப்போம் என்று கதிர்காமநாதன் கேட்டபோதெல்லாம், "என்ர தாலி ஒண்டு கிடக்கேக்க இன்னொண்டு என்னத்துக்கு" என்று மறித்துவிட்டாள்.

"நாகேசக்காவின்ரையைத் தேடித்தான் போறன்" என்று சுதாகரன் வீட்டில் சொன்னான். "அது களவில்லைத்தானே."

ஞானேஸ்வரி அரிசி களைந்துகொண்டிருந்தாள். அந்தப் பொட்டளி அங்கே இல்லை என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். புதைத்ததாகச் சொன்ன காலத்துக்கு ஒரு மாதம் முதலே, பால்மா வைத்திருந்த ஒருவனுக்கு அதை முழுதாகக் கொடுத்து இரண்டு பக்கெட் வாங்கியிருந்தாள். விற்றதைச் சொல்ல அவளுக்கு அவ்வளவு பயமில்லை. சொன்னால் அடுத்ததாக ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்விக்குத்தான் பயம். களைந்த தண்ணீரை வாழையடியில் ஊற்றிவிட்டு வந்து, வெயிலில் நின்றால் உங்களுக்குக் காய்ச்சல் வரும் என்று மட்டும் சொல்லிப் பார்த்தாள். அவன் எந்த இடம் என்று கேட்டான். முறிந்த பனைக்குத் தெற்கே பத்துக் கவடு தூரம் என்றாள்.

சித்திரைக் கடைசியில் இரண்டு ஆண்களும் விசிறியோடு போய் மணலில் ஒரு கொட்டில் போட்டார்கள். பொலிஸ் வந்தால் காட்டுவதற்குப் பாலன் ஒரு சாக்குக் கச்சான் கடலை கொண்டுபோனான். கச்சான் காயப்போட்டுத் தூற்றுகிறோம் என்று சொல்லலாமாம். வேலையில்லாத நேரங்களில் இருவரும் அதை உடைத்துத் தின்றதில் முதல் கிழமையிலேயே சாக்கு பாதியாகிவிட்டது. இனிப் பொலிஸ் வந்தால் கோதைத்தான் காட்ட வேண்டும் என்று பாலன் சிரித்தான்.

வேலை காலை ஏழு மணிக்குத் தொடங்கும். ஓடை வளைவின் அடிமணலை மண்வெட்டியால் வழித்துக் கடகத்தில் சுமந்து வந்து படங்கில் பரப்புவார்கள். வெயிலில் காய்ந்ததும் பெரிய கண் அரிதட்டில் ஒருமுறை, சின்னக் கண் அரிதட்டில் ஒருமுறை அரிப்பார்கள். பத்து மணிக்குச் சோளகம் எழும்பும். விசிறியை அந்தக் காற்றின் போக்குக்கே திருப்பி வைத்து, ஒருவன் ஏணிப்படியில் நின்று கடகத்தைச் சரிக்க, மணல் புகைபோலக் கடல் பக்கம் பறந்துபோகும். பாரமானது நேராக விழும். விழுந்ததற்கு மேலால் பழைய ஸ்பீக்கர்க் காந்தத்தை உருட்டினால் இரும்பெல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். மிச்சத்தில் ரவைக் கோது, சன்னம், சேட்டுப் பொத்தான், பல்லு. பல்லையும் எலும்பையும் பாலன் ஒரு தகர ரின்னுக்குள் சேர்த்துப் பின்னேரத்தில் தூரக் கொண்டுபோய் மணலில் தாழ்த்துவான். அந்த நேரம் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

பவுணும் வந்தது. தோட்டுச் சுரை, சங்கிலிக் கண்ணி, நெளிந்த மோதிரம். பாலன் அவற்றைக் குறட்டால் வெட்டித் துண்டாக்கித்தான் கடைக்குக் கொண்டுபோவான். வெட்டாமல் கொண்டுபோனால் யாராவது தங்களுடையது என்று அடையாளம் காட்டக்கூடும். தாலி என்றால் மட்டும் அவன் தொடமாட்டான். திரும்ப மணலுக்குள் அமத்திவிட்டு வேறு இடம் பார்ப்பான். சுதாகரன் துண்டுகளைக் கையில் வாங்கும்போதெல்லாம், இது வழியில் கிடைத்தது, நான் தேடுவது இன்னொன்று என்று தனக்குள் சொல்லிக்கொள்வான். சனிக்கிழமைகளில் வீட்டுக்கு ரெலிபோன் எடுப்பான். முறிந்த பனைக்குத் தெற்கே ஒன்றும் இல்லை என்பான். அப்படியானால் கிழக்காக இருக்கும் என்பாள் ஞானேஸ்வரி. மற்றச் சனிக்கிழமை, பனை வேறு பனையாக இருக்கலாம் என்பாள். அவள் சொன்ன ஒவ்வோர் இடத்தையும் அவன் கயிறு பிடித்து அளந்து ஒழுங்காகத் தூற்றினான். அந்த இடங்கள் ஒவ்வொன்றிலும் வேறு யாருடையதோ கொஞ்சம் இருந்தது.

வைகாசிப் பொங்கலுக்கு ஒரு கிழமை இருக்க நாகேஸ்வரி அங்கே வந்து சேர்ந்தாள். வற்றாப்பளைக் கோயில் அம்மாளாச்சிக்கு வருடம் தவறாமல் பொங்குகிறவள். இந்தமுறை முன்கூட்டியே வந்து, இந்தப் பிள்ளைகளுக்குச் சமைத்துக் கொடுத்துக்கொண்டு நிற்கலாம் என்று நினைத்தாளாம். குரக்கன் புட்டும் கருவாட்டுக் குழம்பும் அவள் கையால் வந்த பிறகு பாலனுக்கு முகம் தெளிந்தது. விசிறிக்குத் தப்புகிற பொடிச் சாமானைச் சுளகில் புடைத்துத்தான் பிரிக்க வேண்டும், ஆம்பிளையளுக்கு அந்தக் கைவாகு வராது, ஞானத்தைக் கூப்பிடு என்று நாகேஸ்வரிதான் சொன்னாள். சுதாகரன் கூப்பிட்டான். ஞானேஸ்வரி மகள் மேனுகாவுக்குப் பள்ளிக்கூடத்தில் சோதனை என்று இரண்டு நாள் கடத்தினாள். மூன்றாம் நாள் மேனுகாவே தாயைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள்.

கொட்டிலின் நிழலில் இரண்டு பெண்களும் எதிரும் புதிருமாக இருந்து புடைத்தார்கள். நாகேஸ்வரி ஊர்க் கதை சொன்னாள். தன் மகன் வவுனியாவில் வாகனக் கராச்சில் வேலை பழகுவதையும், அவன் ரெலிபோனில் மூன்று சொல்லுக்கு மேல் பேசாததையும் சொல்லிச் சிரித்தாள். ஞானேஸ்வரி சுளகை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானத்துக்குச் சற்று முன், அவளுடைய சுளகின் நுனியில் மணல் ஒதுங்கி ஒரு தாலி வந்து நின்றது. பிள்ளையார் பொறித்த தாலி. கொடி இல்லை. வளையம் அறுந்திருந்தது. அவள் சுளகைச் சரித்து அதைக் கீழே விழுத்தப் பார்த்தாள். அதற்குள் நாகேஸ்வரி கண்டுவிட்டாள். எட்டி எடுத்தாள், சீலைத் தலைப்பால் துடைத்தாள், திருப்பிப் பார்த்தாள், கீழ்ப்பக்கத்தைப் பெருவிரலால் தடவினாள்.

"என்ரதான்" என்றாள் பிறகு.

சுதாகரன் விசிறியை நிற்பாட்டிவிட்டு ஓடிவந்தான். பாலன் தலைப்பாகையை அவிழ்த்துக் கும்பிட்டான். நாகேஸ்வரி அழுதுகொண்டே கதிர்காமநாதனுக்கு ரெலிபோன் எடுத்தாள். திங்கட்கிழமை பொங்கலுக்கு வாருங்கோ, அம்மாளுக்கு முன்னால் வைத்து நீங்கள்தான் கட்ட வேணும் என்றாள். மறுபக்கத்தில் அந்த மனிதன் என்ன சொன்னானோ, அவளுக்குச் சிரிப்பும் வந்தது. பிறகு ஞானேஸ்வரியைக் கட்டிப்பிடித்து, உன்னுடைய கையிலேயே திரும்ப வந்திருக்கிறது பார் என்றாள். சுதாகரனின் முகத்தில் ஒரு மாதமாக இருந்த கறுப்பு விட்டுப்போயிருந்தது. தான் வந்த வேலை நேர்மையான வேலை என்பதற்கு அவனுக்கு ஒரு சாட்சி கிடைத்துவிட்டது. அன்றைக்கு அவன் பாலனோடு கடற்கரைக்குப் போய்க் கரைவலைக்காரரிடம் பாரைமீன் வாங்கி வந்தான்.

ஞானேஸ்வரி அந்த மீனைச் சாப்பிடவில்லை. எவளோ ஒருத்தியின் தாலி. அவள் செத்தாளோ, எங்கேயோ மஞ்சள் கயிற்றோடு இருக்கிறாளோ தெரியாது. அதைத் திங்கட்கிழமை நாகேசக்காவின் கழுத்தில், புருஷன் கையால், அம்மாள் சன்னதியில் கட்டப்போகிறார்கள். எந்தப் பெண்ணும் இன்னொருத்தியின் தாலியை ஒரு நிமிடத்துக்குக்கூடக் கழுத்தில் வைத்துப் பார்க்க மாட்டாள். தான் வாயைத் திறக்காவிட்டால் அது நடந்துவிடும்.

ஞாயிறு காலை ஆண்கள் டீசல் எடுக்கப் போனார்கள். நாகேஸ்வரி கொட்டில் வாசலில் இருந்து தாலியைப் பழப்புளி போட்டு விளக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மஞ்சள் பூசிய நூல் வெயிலில் காய்ந்தது. ஞானேஸ்வரி வந்து முன்னால் குந்தினாள்.

"அக்கா, அது உங்கட இல்லை."

நாகேஸ்வரியின் விரல் நின்றது. அவள் நிமிரவில்லை.

"தெரியும்" என்றாள். "என்ர தாலியில கீழ ஒரு சிவப்புக் கல்லு. கல்லு விழுந்தாலும் குழி கிடக்குமே. இதில குழியும் இல்லை. கையில எடுத்த உடனையே தெரிஞ்சிட்டுது."

புளிக் கையைச் சீலையில் துடைத்தாள். "ஏன் அப்பிடிச் சொன்னனான் எண்டு தெரியேல்லை, ஞானம். வாயில வந்திட்டுது. பிறகு அந்த மனுசன் ரெலிபோனில அழுகுது. எப்பிடித் திருப்புறது? இரவு முழுக்க வெக்கமாக் கிடந்தது. நீயும் கண்டனி எண்டு எனக்குத் தெரியும். என்னைக் காட்டிக் குடுக்காமல் இருந்தனி. அதை நான் மறக்கமாட்டன்."

ஞானேஸ்வரிக்கு எழும்பிப் போக அது போதும். தாலியை நாகேஸ்வரி கட்டமாட்டாள். வந்த காரியம் முடிந்துவிட்டது. ஆனால் நாகேஸ்வரி நூலைச் சுருட்டிக்கொண்டே தொடர்ந்தாள்.

"பாலனிட்டைக் குடுத்து இதை எடுத்த இடத்திலயே வைக்கச் சொல்லுவம். என்ரை இனித்தான் வரும். சுதாகரனை ஆவணி மட்டும் நிண்டு தூத்தச் சொல்லு. நான் சமைச்சுத் தாறன்."

"வராது அக்கா."

"ஏன்?"

"நான் அதைப் புதைக்கேல்லை. வித்துப்போட்டன். பால்மாவுக்கு. ரெண்டு பக்கெட்."

நாகேஸ்வரி நூலைக் கீழே வைத்தாள். பிறகு, ஞானேஸ்வரி நினைத்திராத விதமாக, அவளுடைய கையைப் பிடித்தாள்.

"விசரி. அதுக்கோ இவ்வளவு காலம் ஒளிச்சுக்கொண்டு திரிஞ்சனி? கப்பலுக்குப் போகேக்க நான் உனக்கு என்ன சொன்னனான்? பிள்ளையளுக்கு ஏதும் தேவையெண்டால் யோசியாமல் வில் எண்டுதானே சொன்னனான்? என்ர பிள்ளை அந்தப் பாலைக் குடிச்சுத் தப்பினவன் எண்டால் அது போதும். தாலி என்ன தாலி."

அவள் கேள்வி கேட்கவில்லை. மறுமொழி வேண்டிய பேச்சாகவே அது இருக்கவில்லை. சும்மா தலையை ஆட்டினால் போதும். அந்தக் கை சூடாக இருந்தது, புளி மணத்தது.

"அவன் குடிக்கேல்லை அக்கா" என்றாள் ஞானேஸ்வரி.

"என்ன?"

"மேனுகாவுக்கு மட்டும்தான் குடுத்தனான். எனக்குப் பால் வத்திப்போச்சு. ரெண்டு பேருக்கும் எண்டால் கெதியில முடிஞ்சிடும் எண்டு பயம். அவனுக்குக் கஞ்சி இருந்தது. அவன் காணக் கூடாதெண்டு பங்கருக்குப் பின்னால கொண்டுபோய்க் கரைச்சுக் குடுத்தனான்."

நாகேஸ்வரி கையை இழுக்கவில்லை. அது பிடியில்லாமல் அப்படியே கிடந்தது.

"கண்டவனோ?"

"ஒருநாள் வந்து நிண்டவன். தங்கச்சிக்கு மருந்து எண்டு சொன்னன். கசக்குமோ எண்டு கேட்டவன். ஓம் எண்டன்."

நாகேஸ்வரி எழும்பிக் கொட்டிலுக்குள் போய்த் தன் பையை எடுத்தாள். பொங்கலுக்கென்று கொண்டுவந்த பச்சையரிசி, பயறு, சர்க்கரை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக உள்ளே வைத்துப் பையின் வாயைக் கட்டினாள். தாலியை ஞானேஸ்வரியின் சுளகில் வைத்தாள்.

"கோயில் உண்டியலில போடட்டோ அக்கா" என்று ஞானேஸ்வரி தயங்கிக் கேட்டாள்.

"போடாதை. போட்டிட்டால் உனக்குச் சுகமாயிருக்கும்."

றோட்டுப் பக்கமாகப் பத்து அடி நடந்தவள் நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"மேனுகாவுக்கு இதைச் சொல்லிப்போடாதை. அது சின்னப் பெட்டை" என்று சொல்லிவிட்டு, மணலில் கால் புதையப் புதையப் போனாள்.

ஆண்கள் டீசலோடு வந்தபோது பத்து மணி. காற்று எழும்பியிருந்தது. நாகேசக்கா எங்கே என்று சுதாகரன் கேட்டான். கோயிலுக்கு முன்னுக்குப் போய்விட்டாளாக்கும் என்று அவனே மறுமொழியும் சொல்லிக்கொண்டு, விசிறியைப் பூட்டினான். தாலி கிடைத்த இடத்தில்தான் கொடியும் காப்பும் கிடக்கும், இன்றைக்கு அதையே ஆழமாக எடுப்போம் என்று உற்சாகமாகச் சொன்னான். பாலன் முதல் கடகத்தைத் தூக்கிக்கொண்டு ஏணிப்படியில் ஏறினான்.

எஞ்சின் கிளம்பியதும் ஞானேஸ்வரி சுளகோடு சுதாகரனிடம் போனாள். எஞ்சின் சத்தத்தில் அவள் சொன்னது அவனுக்கு முதலில் விளங்கவில்லை. எஞ்சினை நிற்பாட்டினான். அவள் முதலிலிருந்து சொன்னாள். விற்றதைச் சொன்னாள், நிரோஜன் வந்து நின்றதைச் சொன்னாள், முறிந்த பனையும் கிழக்கும் மற்றப் பனையும் தன் வாயில் வந்த இடங்கள் என்று சொன்னாள். விசிறி தன் வேகத்திலேயே கொஞ்ச நேரம் சுற்றி மெல்ல ஓய்ந்தது.

முறிந்த பனையிலிருந்து கொட்டில் வரைக்கும், ஒரு மாதமாகக் கயிறு பிடித்து அளந்து அவன் கிண்டிய குழிகள் வரிசை வரிசையாகக் கிடந்தன. சுதாகரன் அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அப்ப இவ்வளவு நாளும் நான் ஆரின்ரையைத் தேடினனான்?" என்றான்.

ஏணியில் நின்ற பாலன், கடகத்தைச் சரிக்கிறதோ இறக்குகிறதோ என்று தெரியாமல், இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.